மண்டைக்குள் கச்சேரி

மனக்கச்சேரிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எந்தக் கச்சேரிக்குப் போனாலும் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஓரத்து நாற்காலியைப் பிடித்து, மேடையில் இருப்பவர் வாத்தியத்தை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு, தலையை இடமும் வலமுமாக உருட்டி, தொடையில் ஒரு தாளம் போட்டு (அது மேடையில் ஓடும் தாளமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை), பக்கத்தில் இருப்பவர் அப்போதுதான் கொஞ்சம் ரசிக்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்து ‘ப்ச்’ என்று நாக்கைத் தட்டுவாரே, அவர்தான். ஏன் ‘ப்ச்’? ஏதோ ஓர் இடம் சரியில்லையாம். எந்த இடம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “அதெல்லாம் சொல்லிப் புரிய வைக்க முடியாது சார். உள்ள இருக்கணும்” என்பார்.

அவர் வாசித்து யாராவது கேட்டதுண்டா? இல்லை. ஏன் வாசிப்பதில்லை? அதற்கும் பதில் தயாராக இருக்கிறது. நெற்றியை ஆள்காட்டி விரலால் தட்டிக் காட்டி, “இங்க எல்லாம் ஓடுது. கைதான் வரல” என்பார். எத்தனை அழகான நோய், பாருங்கள். வித்தை முழுக்க இருக்கிறது, விரல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. இந்த இனத்தாரின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் பீரோவுக்கு மேலே ஒரு வயலின் பெட்டி, கதவுக்குப் பின்னால் ஒரு கித்தார், அலமாரியில் பழைய துணிகளுக்கு அடியில் ஒரு புல்லாங்குழல் என்று ஓர் ஆர்க்கெஸ்ட்ராவே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். வயலினுக்கு இவர் கழுத்து குட்டை, கித்தாருக்கு விரல் தடிப்பு, குழலுக்கு உதடு சரியில்லை. எல்லாக் குற்றமும் உடம்பின் மேல்தான். மண்டை மட்டும் நிரபராதி.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளப்போகும் ஆசாமிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைத்தெருவில் அவருக்கு ‘மண்டைக் கச்சேரி’ என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தொழிலில் குறை சொல்ல முடியாது. வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடியை மாற்றி மாற்றிச் செருகி, “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?” என்று கேட்பார். “ரெண்டும் ஒரே மாதிரிதாங்க தெரியுது” என்று யாராவது சொல்லிவிட்டால் பொல்லாத கோபம் வந்துவிடும். “உங்க கண்ணுங்க. உங்களுக்குத் தெரியாம எனக்கா தெரியும்? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க” என்று அதட்டுவார்.

அவருக்கு ஒரு மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மனைவிக்கு ஒரு தம்பி. இந்தத் தம்பிதான் சிக்கல். ஏனென்றால் அவன் உண்மையிலேயே வாசிப்பான். கல்யாண வரவேற்பு, ஓட்டல் திறப்பு விழா, கம்பெனி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய் வாசித்துவிட்டு வருவான். நம்மவர் அதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “கை நல்லா ஓடுது மச்சான். உள்ளதான் இன்னும் வரணும்” என்று ஆசி வழங்குவார். “வந்ததும் சொல்லி அனுப்பறேன் அத்தான்” என்பான் அவன். அவன் வாய் எப்போதுமே கொஞ்சம் துடுக்கு.

அப்படி ஒரு விழாவில், மேடை போட்டவர்கள் பின்பக்கத்துப் பலகையைச் சரியாக முடுக்காமல் விட்டதில், நாற்காலியோடு பின்னால் சரிந்து விழுந்தான். கழுத்தில் அடி. பிழைத்துக்கொண்டான், ஆனால் கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வாய் மட்டும் பழையபடி இருந்தது. தண்ணீர் குடிக்க இன்னொருவர் கை, மூக்கு அரித்தால் சொறிந்துவிட இன்னொருவர் கை என்று ஆகிப்போனதில், அந்த வாயும் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வந்தது.

அந்த நிலைமையில்தான் மறுவாழ்வு மருத்துவமனைக்கு ஒரு குல்லா வந்து சேர்ந்தது. தலையில் மாட்டிக்கொண்டால் மூளையின் அலையைப் பிடித்துக் கீபோர்டை வாசிக்கவைக்கும் குல்லா. குல்லா போடுவது என்று நம் மொழியில் ஏற்கெனவே ஒரு தொழில் இருப்பதால் கடைத்தெருவில் யாரும் நம்பவில்லை. ஆனால் இது நிஜம். சோதனைக்காக அனுப்பியிருந்தார்கள். நோயாளிகளுக்குப் பயன்பட்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போய்விடும். நிர்வாகக் குழு ஒரு நாள் வந்து பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. போட்டுப் பார்த்த நோயாளிகளில் ஒருவர் தூங்கிப்போனார், ஒருவர் அரிக்கிறது என்று கழற்றச் சொல்லிவிட்டார். கடைசியில், குல்லா இருப்பதும் போவதும் தம்பி ஒருவனுடைய தலையில் வந்து நின்றது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக மனைவி கணவரிடம் சொன்னாள்: “ஏங்க, கையே வேண்டாமாம். நினைச்சாலே போதுமாம். வாசிக்குமாம்.”

நம்மவர் கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது.

“கையே வேண்டாமா?”

“வேண்டாமாம்.”

அவர் அப்படியே கிளம்பி மருத்துவமனைக்குப் போய் மச்சினன் கட்டிலருகே நின்று, “நமக்கெல்லாம் விடிவுகாலம் வந்துருச்சு மச்சான்!” என்றார்.

“நமக்கா அத்தான்?”

“பின்னே? உனக்கும் கை வரல, எனக்கும் கை வரல.”

இதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. உண்மையிலேயே தழுதழுத்தது, நடிப்பில்லை. இந்த இனத்தாரிடம் உள்ள பயங்கரமே அதுதான், அவர்கள் நடிப்பதில்லை.

மனைவிக்குப் பகலில் பள்ளிக்கூடம். பிற்பகலில் கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டும் நேரம். ஆகவே தம்பியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் தன் பிறந்த வீட்டுக்காகத் தானே முன்வந்து செய்யும் முதல் காரியம் என்று பூரித்துப்போனாள்.

பயிற்சி அறையில் ஒரு திரை. திரையில் வரிசையாக விளக்குகள், ஸ்வரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேகத்தில் மினுக்கும். உங்களுக்கு எந்த ஸ்வரம் வேண்டுமோ அந்த விளக்கையே பார்த்து, மனத்தை அதிலேயே நிறுத்தினால், மூளைக்குள்ளும் அதே வேகத்தில் ஓர் அலை எழும். குல்லாவின் உட்புறத்தில் பசை தடவி ஒட்டியிருக்கும் உலோகப் பொட்டுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். கீபோர்டு அந்த ஒரு ஸ்வரத்தை வாசிக்கும். பிறகு அடுத்தது. இதற்கு முக்கியமான நிபந்தனை, அசையாமல் இருக்க வேண்டும். தலையாட்டுவது, புருவத்தைத் தூக்குவது, பல்லைக் கடிப்பது எல்லாம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரிய சலசலப்பை உண்டாக்கிக் கருவியைக் குழப்பிவிடும்.

தலையை ஆட்டாமல் இருக்க வேண்டும்! நம்மவருடைய வித்வத்தில் தலையாட்டலைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

“மேடம், முதல்ல நான் ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்துடறேன். மச்சானுக்கு ஷாக் கீக் அடிச்சுட்டா?” என்றார் அங்கிருந்த தெரபிஸ்ட் பெண்ணிடம்.

“அடிக்காது சார். இது கேட்கும், அவ்வளவுதான்.”

“இருந்தாலும் பெரியவன்னு ஒருத்தன் முன்னாடி பார்த்துக்கறது நல்லது பாருங்க.”

அந்தப் பெண்ணுக்கு யாரிடமும் மறுத்துப் பேச வராது. மாட்டிவிட்டாள். பசை நெற்றியில் வழிந்தது. அவர் கண்ணை மூடினார்.

“கண்ணைத் திறந்துக்குங்க சார். எந்த ஸ்வரம் வேணுமோ அந்த விளக்கைப் பாருங்க.”

“எந்த ஸ்வரமா?”

“ஆமா சார். முதல்ல எது வரணும்?”

இத்தனை காலத்தில் அவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் மண்டைக்குள் ஓடும் கச்சேரியில் கூட்டம் இருந்தது, விளக்கு இருந்தது, மாலை இருந்தது, முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள்கூட இருந்தார்கள். முதல் ஸ்வரம்? அதைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். கைதட்டல்தான் அகப்பட்டது.

“அப்படித் தனித்தனியா இல்லைங்க. மொத்தமா இருக்கு.”

“மொத்தமா இருக்கறதுல முதல்ல எது சார்? இதுவா, அதுவா?”

அவர் ஒரு விளக்கைப் பார்த்தார். அடுத்த விளக்கைப் பார்த்தார். மறுபடியும் முதல் விளக்கைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்றார் மெதுவாக.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. விழுந்த பிறகு அவன் சிரித்த முதல் சிரிப்பு. “சட்டியில இருந்தாதானே அத்தான் அகப்பையில வரும்?”

நம்மவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தலையைச் சிலுப்பினார், புருவத்தை உச்சிக்கு ஏற்றினார், பல்லை நறநறவென்று கடித்தார். உடனே கீபோர்டு கத்தியது. ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விழுந்து, மாடிப்படியில் பாத்திரக் கூடையைத் தவறவிட்டதுபோல் அறை அதிர்ந்தது. இந்த மாதிரி சலசலப்பை வடிகட்டித் தள்ள அந்தக் கருவியில் ஒரு விசை இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு ஒன்றுமே கேட்காவிட்டால் மனசு விட்டுப்போகும் என்று அந்தப் பெண் அதை அணைத்து வைத்திருந்தாள்.

“சூப்பர் சார்!” என்றாள்.

விரலை அசைத்தவருக்கும் அவள் ‘சூப்பர்’ சொல்வாள், ஒரு வாய் கஞ்சியை விழுங்கியவருக்கும் சொல்வாள். அது அவள் தொழில். ஆனால் நம்மவர் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. இத்தனை காலம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது வெளியே வந்துவிட்டதே! கழுத்தும் விரலும் உதடும் செய்த துரோகத்தையெல்லாம் அந்தக் கணமே மன்னித்தார்.

அன்றைக்கு மிச்சமிருந்த நேரத்தில் குல்லா தம்பியின் தலைக்குப் போனது. அவன் முதலில் கேட்டதே, “அந்த வடிகட்டியைப் போட்டுடுங்க மேடம். நான் வாசிச்சது மட்டும் கேட்டாப் போதும்” என்பதைத்தான். போட்டாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஸ்வரம். ஒன்றே ஒன்று. தெளிவாக எழுந்து நின்று அடங்கியது. யாருடைய கையும் படாமல் அவன் செய்துகொண்ட முதல் காரியம் அது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணை வேறு யாரோதான் துடைத்துவிட வேண்டியிருந்தது.

நம்மவர் என்ன சொன்னார்? “ப்ச். சுருதி கொஞ்சம் கம்மியா இருக்கு.” கீபோர்டில் சுருதி எப்படிக் கம்மியாகும் என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். உள்ளே இருக்க வேண்டும் என்பார்.

அன்றிலிருந்து பயிற்சி நேரம் எப்படிக் கழிந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? முதலில் இவர் ‘மெஷினைச் சூடு பண்ணிக் கொடுப்பார்’. சூடு பண்ணுவது நீண்டுகொண்டே போகும். பசை காய்ந்துவிடும். மறுபடி தடவ வேண்டும். அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், வெளியே அடுத்த நோயாளியின் நாற்காலிச் சக்கரம் கிறீச்சிடும், தம்பிக்குக் கிடைப்பது மூன்று நாலு ஸ்வரம். கடைக்குத் திரும்பியதும் இவர் கண் சோதிக்க வந்தவரின் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு, எழுத்துப் பலகையைக் காட்ட மறந்து, அன்றைய கச்சேரியை வர்ணித்துக்கொண்டிருப்பார். “கை கிடையாது, விரல் கிடையாது, நினைச்சேன், கொட்டுச்சு!” பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நமக்கும் அப்படித்தானோ, எல்லாம் உள்ளேதான் இருக்கிறதோ என்று அவர்களில் இரண்டொருவர் தத்தம் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

தம்பி ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான். “அத்தான், அது உங்க மூளை இல்ல. பல்லு.”

“என்னடா?”

“பல்லைக் கடிக்கறீங்க. கடிக்கும்போதெல்லாம் அது கத்துது. விட்டா நின்னுடுது. நான் இங்க வேற என்ன பண்றேன்? உங்க தாடையைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்.”

நம்மவர் இரக்கத்தோடு சிரித்தார். “வாசிச்சுட்டு இருந்தவன் நீ. இப்ப நான் வாசிக்கறேன். கஷ்டமாத்தான் இருக்கும் மச்சான், புரியுது.”

ஓங்கி அறைய வேண்டும்போல் இருக்கிறதா? அவனுக்கும் இருந்திருக்கும். அவனால் முடியாது என்பதுதான் நம்மவருக்கு வசதி.

விஷயம் அக்காவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஒரு மாலை, இவர் கை கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் கேட்டாள்.

“இன்னிக்குத் தம்பி எவ்வளவு நேரம் வாசிச்சான்?”

“அவனா? மெதுவா வருது. நான்தான் முன்னாடி சூடு பண்ணிக் கொடுக்கறேனே.”

“நீங்க எவ்வளவு நேரம் சூடு பண்ணினீங்க?”

அவர் சாதத்தைப் பிசையத் தொடங்கினார்.

“குழு வந்து பார்க்கப்போறது அவனை. அவன் சரியா வாசிக்கலைன்னா அதைப் பெட்டியில போட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் அவன் எதைப் பிடிச்சுட்டு உட்காருவான்? சொல்லுங்க.”

“அவனை நினைச்சு உள்ளுக்குள்ள நான் படற வேதனை உனக்கு எங்க தெரியப்போகுது?”

“உள்ளுக்குள்ள, உள்ளுக்குள்ள! கல்யாணமான நாள்லேர்ந்து உங்க பாசம் உள்ளதான் இருக்கு, உங்க வருத்தம் உள்ளதான் இருக்கு. வெளியில வந்ததை நான் பார்த்ததே இல்ல. ஒரே ஒரு நாள் அவன் தலையில முதல்ல மாட்டிவிடுங்க. போதும்.”

“சரி” என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். மறுநாள் மனத்துக்குள்ளேயே மாட்டியும் விட்டார்.

குழு வருகிற நாள் வந்தது. பயிற்சி அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குழுத் தலைவி ஒரு பல் டாக்டர். வயதானவர், குறைவாகப் பேசுபவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர், எதைப் பார்த்தாலும் இடத்தை அடைக்கிறது என்று கவலைப்படும் சுபாவம். மனைவி பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்குத் தலை வாரி, புதுச் சட்டை போட்டு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அவனுக்கு வழக்கமான துடுக்கு ஒன்றும் அன்றைக்கு வரவில்லை.

“முதல்ல ஒரு சின்ன அறிமுகம்” என்று எழுந்தார் நம்மவர்.

தெரபிஸ்ட் பெண்ணுக்குத்தான் மறுக்க வராதே. “ரெண்டே நிமிஷம் சார்” என்று குல்லாவை அவர் தலையில் மாட்டினாள். ஆனால் அன்றைக்குத் தம்பிக்காக எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்திருந்ததால் அந்த வடிகட்டி போட்டபடியே இருந்தது. அவளும் மறந்தாள். அவருக்கோ அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை.

“இசை கையில இல்லைங்க. விரல்ல இல்ல. உள்ள இருக்கு” என்று தொடங்கி, இரண்டு நிமிஷத்தை அந்தப் பேச்சுக்கே செலவழித்துவிட்டு, தலையை உருட்டினார். கீபோர்டு சும்மா இருந்தது. புருவத்தைத் தூக்கினார். சும்மா இருந்தது. பல்லைக் கடித்தார். இன்னும் கடித்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, பின்வரிசை வரைக்கும் நறநறப்பு கேட்டது. பல் டாக்டர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். கீபோர்டு வாயே திறக்கவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர் குழுவின் பக்கம் திரும்பி, கடையில் சட்டத்துக்கு விலை சொல்லும் அதே நிதானத்தோடு, “மெஷின் ரிப்பேர்” என்று அறிவித்தார். “கொஞ்ச நாளாவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நம்பி வாங்க முடியாதுங்க.”

“அப்ப திருப்பி அனுப்பிடலாமே. இடத்தையாவது அடைக்காது” என்றார் ஒப்பந்தக்காரர், எழுந்தபடி. மற்றவர்களும் எழுந்தார்கள்.

“மேடம், மெஷின் நல்லாத்தான் இருக்கு” என்றான் தம்பி. நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கையைத் தூக்கிக் கவனத்தை இழுக்க அவனால் முடியாது. எழுந்து நின்று மறிக்க முடியாது. மூச்சு வாங்க இன்னொரு முறை சொன்னான். அதுவும் சத்தத்தில் போயிற்று. அவன் அத்தானைப் பார்த்தான்.

அத்தானுக்குக் கேட்டது. அவர் பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும்: ‘தப்பு என்னோடது, மெஷின் மேல இல்ல.’ அந்த வாக்கியம் அவருக்குள் இருந்ததா? இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம்தான் உள்ளே இருக்கிறதே.

பின்வரிசையிலிருந்து கணக்கு டீச்சர் எழுந்து வந்தாள். கணவரின் தலையிலிருந்து குல்லாவை இரண்டு கையாலும் பிடித்து உருவினாள். பசை அப்பிய முடி நாலா பக்கமும் நட்டுக்கொண்டு நின்றது.

“ஏய், என்ன இது, எல்லார் முன்னாடியும்...”

“தள்ளுங்க” என்றாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, “எல்லாரும் உட்காருங்க” என்றாள். கடைசி பெஞ்சுவரை அடக்கிப் பழகிய குரல். ஒப்பந்தக்காரர் எந்த நாற்காலி என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

தம்பியின் தலையில் குல்லா ஏறியது. தெரபிஸ்ட் பெண் பசையைத் தடவினாள். இந்த முறை ‘சூப்பர்’ என்று சொல்லவில்லை.

ஒரு ஸ்வரம் வந்தது. காத்திருந்தார்கள். இன்னொன்று. விழாக்களில் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, கூட்டாளிகள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் தனக்காக மட்டும் வாசித்துக்கொள்ளும் சின்ன மெட்டு அது. அக்காவுக்குத் தெரியும், அவனை அழைத்துப்போக வந்து காலி மண்டபத்தில் நின்று கேட்டிருக்கிறாள். நடுவில் ஓர் இடத்தில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அவன் கண் அந்த விளக்கை விட்டு அசையவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது, துடைக்க யாரும் துணியவில்லை.

“நின்னுபோச்சு பாருங்க” என்றார் நம்மவர், ஒப்பந்தக்காரரின் காதில்.

“ஷ்” என்றார் பல் டாக்டர்.

ஸ்வரம் வந்தது. எங்கே வர வேண்டுமோ அங்கே. பிறகு ஒவ்வொன்றாக மிச்சமும் வந்து மெட்டு முடிந்தது. முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“முடிஞ்சுது” என்றான் தம்பி. “இனிமே கை தட்டலாம். எனக்கும் சேர்த்து நீங்களே தட்டிடுங்க.”

தட்டினார்கள். அக்கா தட்டவில்லை, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் எழுந்து, “இது இங்கயே இருக்கட்டும்” என்று ஒரே வாக்கியத்தில் குழுவின் கூட்டத்தை முடித்தார். பிறகு நம்மவரிடம் வந்து, “உங்களைத்தான். கொஞ்சம் வாயைத் திறங்க” என்றார். திறந்தார். “நினைச்சேன். கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு. ஒரு நாள் கிளினிக்குக்கு வந்து காட்டுங்க.” அவருடைய இசை வாழ்க்கையில் விவரம் தெரிந்த ஒருவர் சொன்ன ஒரே விமர்சனம் அது.

இப்போது அந்த அறையின் கதவில் ‘நோயாளிகள் மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது அந்தத் தெரபிஸ்ட் பெண்தான். மறுத்துப் பேச அவளுக்கும் ஒருவழியாக வந்துவிட்டது. நம்மவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? பிற்பகலில் மச்சினனைத் தள்ளிக்கொண்டு வருகிறார், உள்ளே விட்டுவிட்டு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்காருகிறார். கதவிடுக்கு வழியாக ஸ்வரங்கள் வருகின்றன. இடைவெளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இவர் கண்ணை மூடித் தலையை உருட்டுகிறார், தொடையைத் தட்டுகிறார். அவ்வப்போது ஒரு ‘ப்ச்’.

“உள்ள வாசிக்கறது என் மச்சான்தான்” என்றார் ஒரு நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம். “நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன். அவனுக்கும் வருது, இல்லைன்னு சொல்லல. ஆனா எனக்குள்ள இருக்கறது வேற சார்.”

பக்கத்தில் இருந்தவர் மெல்லத் தலையாட்டினார். “எனக்கும் அப்படித்தாங்க. ஒரு நாவல். முதல் அத்தியாயத்துலேர்ந்து கடைசி வரைக்கும் மனசுல ரெடியா இருக்கு. உட்கார்ந்து எழுதணும், அவ்வளவுதான்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆமாம், நாளைக் காலையிலிருந்து தொடங்கப்போகும் அந்த நடைப்பயிற்சி என்ன ஆயிற்று? கற்றுக்கொள்ளப்போகும் அந்த நீச்சல்? சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன அண்ணனிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை எத்தனை அழகாக உள்ளேயே கோத்து வைத்திருக்கிறீர்கள், எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட உங்களுக்குத் தெரியுமே? அந்தப் பெஞ்சு நீளமானது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள், உங்களை முன்பின் தெரியாத அந்த இருவரும், பேச்சை நிறுத்தாமலே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து உங்களுக்கு இடம் விடுவார்கள்.